நார்வே மாணவர் அமெரிக்கக் கல்லூரிப் பந்தயத்தில் வென்றால் அதை எப்படி அளப்பது?

மார்ச் மாதம் வந்தால் விளையாட்டுச் செய்திகளின் ஓரத்தில் ஒரு வரி தலைகாட்டும்: அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பனிச்சறுக்குப் போட்டியில் நார்வே மாணவர் சாம்பியன். அந்த வரிக்குக் கீழே மூன்று வகைக் கருத்துகள் தவறாமல் வந்து சேரும். பனியிலேயே பிறந்து வளர்ந்தவர் பனியில் வெல்வதில் என்ன அதிசயம் என்பார் ஒருவர். சொந்த நாட்டில் தேறாதவர் அங்கே போய்ப் பதக்கம் சேர்க்கிறார் என்பார் இன்னொருவர். அடுத்த ஒலிம்பிக் நட்சத்திரம் இவர்தான் என்று மாலை சூட்டுவார் மூன்றாமவர்.

மூவருமே பந்தயத்தைப் பார்க்காமல் பட்டத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். கல்லூரிப் பனிச்சறுக்கில் ஒரு வெற்றியின் எடை என்ன என்பதைக் கண்டுபிடிக்கக் கறாரான கணக்கு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் இந்த மூன்று கருத்துகளும் எங்கே சறுக்குகின்றன என்பது புரிந்துவிடும். அதற்கு முன் ஆட்டத்தைக் கொஞ்சம் அறிமுகம் செய்துகொள்வோம்.

இது எந்தப் பனிச்சறுக்கு?

தொலைக்காட்சியில் மலையுச்சியிலிருந்து கொடிகளுக்கு இடையே வளைந்து வளைந்து பாய்ந்து வருவார்களே, அது மலைச்சரிவுப் பனிச்சறுக்கு. அதில் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டு போகும். நாம் பேசப்போவது கிராஸ் கன்ட்ரி எனப்படும் நெடுந்தூரப் பனிச்சறுக்கு. இதன் பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்றம், மூன்றில் ஒரு பங்கு இறக்கம், மீதி மேடுபள்ளமான நிலம். ஏற்றத்தில் தன் உடலைத் தானேதான் தூக்கிச் செல்ல வேண்டும். இதயமும் நுரையீரலும் இந்த அளவுக்குச் சோதிக்கப்படும் விளையாட்டுகள் வெகு சில.

இதில் இரண்டு பாணிகள் உண்டு. முதலாவது மரபுப் பாணி. பனியில் வெட்டப்பட்ட இணையான இரு தடங்களில் கால்களை முன்னும் பின்னும் நகர்த்திச் செல்வது. சறுக்கும் பொருளை வைத்துக்கொண்டு மேட்டில் ஏறுவது எப்படி என்ற கேள்வி இங்கே எழும். சறுக்குப் பலகை நடுவில் மெல்ல வளைந்து உயர்ந்திருக்கும். அந்த நடுப்பகுதியில் பிடிப்பு மெழுகு தடவியிருப்பார்கள். எடை இரு கால்களிலும் பகிர்ந்திருக்கும்போது அந்த மெழுகு பனியைத் தொடாது. பலகை வழுக்கிச் செல்லும். ஒரே காலில் முழு எடையையும் போட்டு மிதித்தால் வளைவு தட்டையாகி மெழுகு பனியைக் கவ்வும். அந்தப் பிடிப்பை வைத்து உந்த வேண்டும்.

இரண்டாவது சுதந்திரப் பாணி. தடம் கிடையாது; ஸ்கேட்டிங் செய்வதுபோலப் பலகைகளைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் போவது. இதை உலக அரங்கில் பிரபலமாக்கியவர் ஓர் அமெரிக்கர், வெர்மான்ட் மாநிலத்தின் பில் காக். 1976 ஒலிம்பிக்கில் 30 கிலோமீட்டரில் வெள்ளி வென்றவர். 1982-இல் இந்தப் பாணியின் துணையோடு உலகக் கோப்பையையும் வென்றார். அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஐரோப்பாவின் நெடுந்தூர ஓட்டங்களில் பார்த்ததை எடுத்துக்கொண்டார். மரபின் காவலர்களுக்கு, குறிப்பாக நார்வேயில், இது முதலில் பிடிக்கவே இல்லை. கடைசியில் இரு பாணிகளுக்கும் தனித்தனிப் பந்தயங்கள் என்று சமரசம் ஆனது.

தொடக்கத்திலும் இரண்டு முறைகள். வீரர்களைச் சில நொடி இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக அனுப்பிக் கடிகாரத்தை வைத்து முடிவு சொல்வது இடைவெளித் தொடக்கம். எல்லோரையும் ஒன்றாக விட்டு, முதலில் கோட்டைத் தொடுபவருக்கு வெற்றி என்பது கூட்டுத் தொடக்கம். இந்த இரண்டையும் நினைவில் வைத்திருங்கள். கணக்குப் போடும்போது தேவைப்படும்.

நார்வேக்காரர் ஏன் அங்கே போகிறார்?

நார்வேயில் விளையாட்டு ஊர்க் கழகங்களைச் சுற்றி நடக்கிறது. பல்கலைக்கழகங்களைச் சுற்றி அல்ல. சிறுவயதில் ஊர்க் கழகம், பதினாறு வயதுக்கு மேல் பனிச்சறுக்குக்கென்றே பாடத்திட்டம் வகுத்த மேல்நிலைப் பள்ளி என்று பாதை ஒழுங்காகப் போகும். இருபது வயதில் இளையோர் பிரிவு முடிகிறது. அங்கேதான் பாதை குறுகுகிறது.

சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் இந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களையும், 2022-இல் 16 தங்கங்களையும் அள்ளியது. ஆனால் ஒலிம்பிக்கில் ஒரு தனிநபர் நெடுந்தூரப் பந்தயத்துக்கு ஒரு நாடு அனுப்பக்கூடியவர்கள் நான்கு பேர் மட்டுமே. வேறு நாட்டில் பிறந்திருந்தால் தேசிய அணியில் நிச்சயமாக இடம்பெற்றிருக்கக்கூடிய ஒருவர் நார்வேயில் இருபதாவது இடத்திலோ நாற்பதாவது இடத்திலோ நிற்பார். உச்சத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 800 மணிநேரத்துக்கும் மேல் பயிற்சி செய்கிறார்கள். அதைச் செய்துகொண்டே பொறியியலோ பொருளியலோ படிப்பது, அதுவும் பந்தயப் பயணங்களுக்கு வளைந்துகொடுக்காத பல்கலைக்கழகத்தில் படிப்பது, பெரும்பாடு.

அமெரிக்கா இந்த முடிச்சை வேறுவிதமாக அவிழ்க்கிறது. அங்கே பல்கலைக்கழகமே அணியை நடத்துகிறது. பயிற்சியாளர், மெழுகு பூசும் அறை, பயணச் செலவு, பாடத்தில் பின்தங்கினால் கைகொடுக்க ஆலோசகர், சிலருக்குக் கல்விக் கட்டண உதவி. நார்வே அரசின் கல்விக் கடன் நிதியமும் வெளிநாட்டுப் படிப்புக்குத் துணை நிற்கிறது. எனவே ‘சொந்த நாட்டில் தேறாதவர்’ என்ற பேச்சு பாதி உண்மைகூட இல்லை. படிப்பா பந்தயமா என்று கேட்கும் நாட்டை விட்டு, இரண்டும் என்று சொல்லும் நாட்டுக்குப் போகிறார், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியவை: ஏற்றமும் இறக்கமும் கலந்த ஓட்டம், இரண்டு பாணி, இரண்டு தொடக்க முறை; நார்வேயில் கழகம், அமெரிக்காவில் கல்லூரி.

கல்லூரி அணி வெல்வது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அது நடத்தும் தேசியப் பனிச்சறுக்குப் போட்டி 1954-இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ அருகே தொடங்கியது. முதல் பட்டம் டென்வர் பல்கலைக்கழகத்துக்கு. (அந்தச் சியரா நெவாடா மலைத்தொடரில்தான், அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு, டெலிமார்க் பகுதியிலிருந்து குடியேறிய ஒரு நார்வேக்காரர் பனிச்சறுக்குப் பலகையில் தபால் சுமந்தார். ‘ஸ்னோஷூ’ தாம்சன் என்று ஊர் அவரை அழைத்தது. அமெரிக்கப் பனியில் நார்வேயின் தடம் கல்லூரிப் போட்டிகளைவிடப் பழையது.) ஆண்களுக்கு மட்டுமாக இருந்த போட்டி, 1983 முதல் ஆண், பெண் இருபாலரும் சேர்ந்து ஒரே பட்டத்துக்குப் போட்டியிடுவதாக மாறியது. அந்த ஆண்டு வென்றது யூட்டா பல்கலைக்கழகம்.

பலர் தவறவிடும் செய்தி இதுதான்: நெடுந்தூரத்துக்கெனத் தனி அணிப் பட்டம் கிடையாது. ஓர் அணியில் அதிகபட்சம் பன்னிரண்டு பேர். மலைச்சரிவில் மூன்று ஆண், மூன்று பெண். நெடுந்தூரத்தில் மூன்று ஆண், மூன்று பெண். நான்கு நாள்களில் எட்டுப் பந்தயங்கள். ஒவ்வொருவரும் பிடித்த இடத்துக்கு ஏற்பப் புள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் அணியின் மொத்தம். கொடிகளுக்கு இடையே பாய்ந்த பெண்ணின் புள்ளியும் இருபது கிலோமீட்டர் உழைத்த ஆணின் புள்ளியும் ஒரே கணக்கில் விழும். ஒருவர் கொடியைத் தவறவிட்டு வெளியேறினால் அவருக்குப் புள்ளி கிடையாது. நெடுந்தூரத்தில் அப்படிச் சுழியம் வாங்குவது அரிது. ஆகவே நம்பிப் புள்ளி தரும் நெடுந்தூர வீரர்களைப் பயிற்சியாளர்கள் கடல் கடந்தும் தேடுகிறார்கள் என்பதில் வியப்பில்லை.

தனிநபர் நெடுந்தூரப் பட்டங்கள் ஓர் ஆண்டில் ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு: மரபுப் பாணியில் ஒன்று, சுதந்திரப் பாணியில் ஒன்று. நெடுங்காலம் ஆண்களுக்கு 10, 20 கிலோமீட்டர், பெண்களுக்கு 5, 15 என்று இருந்தது. இப்போது இருபாலருக்கும் ஒரே தூரம். முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் ‘ஆல் அமெரிக்கன்’ என்ற தகுதி. அதற்கு அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை.

இன்னொரு விசித்திரம். மற்ற பல கல்லூரி விளையாட்டுகளில் பெரிய பல்கலைக்கழகம், சிறிய கல்லூரி என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். பனிச்சறுக்கில் கிடையாது. இருபதுக்கும் மேற்பட்ட பட்டங்கள் வைத்திருக்கும் டென்வரும், மிடில்பரி போன்ற சிறு கலைக் கல்லூரியும், 1911 முதல் குளிர்காலத் திருவிழா நடத்தும் டார்ட்மத்தும் ஒரே தொடக்கக் கோட்டில் நிற்கும்.

கல்வி உதவித்தொகையைப் பற்றி ஊதிப் பெருக்கிய கதைகள் ஏராளம். நீண்ட காலமாக இருந்த உச்சவரம்பு, ஒரு பல்கலைக்கழகத்தின் பனிச்சறுக்கு அணிக்கு ஆண்களுக்கு 6.3, பெண்களுக்கு 7 முழு உதவித்தொகைகள். அதையும் மலைச்சரிவு, நெடுந்தூரம் இரண்டுக்குமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 6.3 என்ற எண்ணே சொல்கிறது, பலருக்குக் கிடைத்தது துண்டுதான் என்று. 2025-இல் நீதிமன்ற உடன்பாடு ஒன்றால் இந்த விதிகள் மாறின. டார்ட்மத் சேர்ந்திருக்கும் ஐவி லீக் என்ற பழம்பெரும் பல்கலைக்கழகக் குழுவின் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதே இல்லை.

வெற்றியின் எடை: ஃபிஸ் புள்ளி

இனி அந்தக் கணக்கு. ஒரு பள்ளியில் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்த மாணவி 500-க்கு 380 வாங்கியிருக்கிறாள். வேறொரு பள்ளியில் பத்தாவது ரேங்க் மாணவி 465. யார் நன்றாகப் படிப்பவர் என்று கேட்டால் நாம் ரேங்க்கைப் பார்க்க மாட்டோம், மதிப்பெண்ணைப் பார்ப்போம். பனிச்சறுக்கில் அந்தப் பொது மதிப்பெண் கிடையாது. ஒரு பாதையின் ஏற்றம் இன்னொன்றில் இல்லை. இன்றைய பனி நாளைக்கு இல்லை. பத்து கிலோமீட்டரை 25 நிமிடத்தில் முடித்தார் என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதனால் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான ஃபிஸ், நேரத்தை விட்டுவிட்டு நேர வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டது.

ஃபிஸ் புள்ளியில் குறைவே நிறைவு. உலகின் உச்சியில் இருப்பவருக்குச் சுழியம். எவ்வளவு பின்தங்கினால் அவ்வளவு கூடுதல் புள்ளி. ஒரு பந்தயத்தில் ஒருவருடைய புள்ளி இரண்டு பகுதிகளின் கூட்டல்.

முதல் பகுதி, வென்றவரிடமிருந்து அவர் எவ்வளவு பின்னே இருந்தார் என்பது. அவரது நேரத்தை வென்றவரின் நேரத்தால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். இடைவெளித் தொடக்கத்துக்கு அந்த எண் 800. வென்றவர் 25 நிமிடம், அதாவது 1500 நொடி. நம்மவர் 30 நொடி பின்னால், 1530. கணக்கு 16 என்று வரும்.

கூட்டுத் தொடக்கத்துக்குப் பெருக்கெண் 1400. அதே 30 நொடிக்கு அங்கே 28 புள்ளி. ஏன் இந்தப் பாரபட்சம்? எல்லோரும் ஒன்றாக ஓடும்போது முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். பின்னால் வருகிறவருக்கு எதிர்ப்பு குறைவு. திறமை குறைந்தவரும் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம், இடைவெளிகள் சுருங்கிவிடும். சுருங்கிய இடைவெளியை விரித்துக் காட்டத்தான் பெரிய எண்.

இரண்டாவது பகுதிதான் நமக்கு முக்கியம். அதற்குத் தண்டப் புள்ளி என்று பெயர். ஆட்களுக்கான தண்டனை என்று நினைத்துவிடக் கூடாது; பந்தயத்தின் தரத்தைச் சொல்லும் எண் அது. முதல் ஐந்து இடங்களில் வந்தவர்களின் தரவரிசைப் புள்ளிகளை எடுத்து, அவற்றில் மிகச் சிறந்த மூன்றைக் கூட்டி 3.75-ஆல் வகுப்பார்கள். வரும் விடை அந்தப் பந்தயத்தில் ஓடிய ஒவ்வொருவரின் புள்ளியோடும் சேரும். (பந்தய வகைக்கு ஏற்ப இதற்குக் கீழ்வரம்பும் உண்டு; இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.)

கற்பனையாக இரண்டு பந்தயங்களை வைத்துக்கொள்வோம். ஒன்றில் முன்னணியினரின் சிறந்த மூன்று புள்ளிகள் 18, 24, 33. கூட்டினால் 75, தண்டப் புள்ளி 20. மற்றொன்றில் 60, 70, 95. கூட்டினால் 225, தண்டப் புள்ளி 60. இரண்டாவது பந்தயத்தில் வென்றவருக்குக் கிடைப்பது 60. முதல் பந்தயத்தில் வென்றவரைவிட 30 நொடி தாமதமாக, மேடையின் அருகில்கூட வராமல் முடித்தவருக்கு 20-உம் 16-உம் சேர்ந்து 36. கோப்பையோடு வீட்டுக்குப் போனவரைவிடப் பெயர் வராதவர் மேலே நிற்கிறார்.

தரவரிசைப் புள்ளி என்பது கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒருவர் ஓடியவற்றில் சிறந்த ஐந்தின் சராசரி. ஒரு நாள் அதிர்ஷ்டம் அங்கே செல்லாது.

கல்லூரிப் பந்தயங்கள் பலவும் ஃபிஸ் அங்கீகாரம் பெற்றவை. எனவே நார்வேயின் ஒரு சிற்றூரில் ஓடியதும் மொன்டானாவில் ஓடியதும் ஒரே பட்டியலில் வந்து சேர்கின்றன. ‘நார்வே மாணவர் இத்தனை பந்தயங்களில் வென்றார்’ என்று படித்தால் நாம் கேட்க வேண்டியது, அந்தப் பந்தயங்களின் தண்டப் புள்ளி என்ன என்பதைத்தான். அது தாழ்ந்திருந்தால் அவர் உண்மையிலேயே கடும் போட்டியில் வென்றிருக்கிறார். உயர்ந்திருந்தால் கைதட்டிவிட்டு நகரலாம்.

சுருக்கமாக: வென்றவரிடமிருந்து தூரம், பந்தயத்தின் தரம், இரண்டின் கூட்டல்தான் புள்ளி. குறைவாக இருந்தால் நல்லது.

வெளிநாட்டவர் இடத்தைப் பறிக்கிறார்களா?

அமெரிக்காவில் இது பழைய சண்டை. தேசியப் போட்டிக்கு ஓர் அணி அனுப்பக்கூடிய நெடுந்தூர வீரர்கள் ஆண்களில் மூன்று, பெண்களில் மூன்று பேர்தான். அதில் ஒரு நார்வேக்காரர், ஒரு ஸ்வீடன்காரர் என்று போய்விட்டால் உள்ளூர்ப் பையனுக்கு என்ன மிஞ்சும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தப் பையனின் கோணத்தில் இது நியாயமான ஆத்திரம். அதை மறுக்க முடியாது.

ஆனால் தண்டப் புள்ளியின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். முன்னால் ஓடும் நார்வேக்காரரின் தரவரிசை நன்றாக இருந்தால் அந்தப் பந்தயத்தின் தண்டப் புள்ளி இறங்குகிறது. அது இறங்கினால் பின்னால் வரும் பன்னிரண்டாவது அமெரிக்கரின் புள்ளியும் இறங்குகிறது. நல்ல புள்ளியைத் தேடி ஐரோப்பாவுக்கு விமானம் ஏற வேண்டியவர், தன் கல்லூரிப் பேருந்தில் போகும் தூரத்திலேயே அதைப் பெற்றுவிடுகிறார். வார இறுதிதோறும் தன்னைவிட வேகமான ஒருவரின் முதுகைப் பார்த்து ஓடும் பழக்கமும் கூடவே வருகிறது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பென் ஆக்டன் மாணவராக இருக்கும்போதே 2022 ஒலிம்பிக்குக்குப் போனார். மிடில்பரியிலும் பிறகு யூட்டாவிலும் ஓடிய சோஃபியா லாக்லி, 2024 ஜனவரியில் ‘டூர் டி ஸ்கீ’ தொடரின் கடைசி மலையேற்றத்தில் உலகின் சிறந்த பெண்களை முந்தினார். இவர்கள் வளர்ந்ததற்கு வெளிநாட்டு மாணவர்கள்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளூர்ப் போட்டி வலுவாக இருந்தது அவர்களுக்கு நட்டமாகவில்லை.

என் கட்சி இதுதான்: இடம் பறிபோகிறது என்ற வாதம் தேசியப் போட்டியின் நான்கு நாள்களுக்குப் பொருந்தும், பருவம் முழுவதற்கும் பொருந்தாது.

அங்கே அவருக்கும் எளிதல்ல

பனிக்காரர் பனியில் வெல்கிறார் என்ற முதல் கருத்துக்கு வருவோம். ஆஸ்லோ கடலோர நகரம். டென்வர் ஏறத்தாழ 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொலராடோவின் சில பந்தயத் தலங்கள் 2000 மீட்டருக்கும் மேலே. உலகக் கோப்பைப் பாதைகளுக்கு ஃபிஸ் வகுத்திருக்கும் பொதுவான உயர வரம்பே 1800 மீட்டர்தான். காற்றில் ஆக்சிஜன் குறைந்த அந்த உயரத்தில், வழக்கமான வேகத்தில் முதல் ஏற்றத்தை ஏறுகிற நார்வேக்காரர் இரண்டாவது ஏற்றத்தில் அதற்கான விலையைக் கொடுப்பார். உடல் பழக வாரங்கள் ஆகும்; வேகத்தைப் பங்கிடும் புத்தி வரப் பருவம் ஒன்றுகூட ஆகலாம்.

மேலும் அவர் மாணவர். முழுநேரப் படிப்பில் இருந்தாக வேண்டும். மதிப்பெண் தேற வேண்டும். பருவக் காலத்தில் அணியின் கட்டாயப் பயிற்சிக்கு வாரம் 20 மணிநேரம் என்பது என்.சி.ஏ.ஏ.வின் வரம்பு. போட்டியிடும் தகுதி நான்கு குளிர்காலப் பருவங்களுக்கு மட்டுமே.

நான்கு பருவங்களுக்குப் பிறகு

கல்லூரிப் பட்டம் ஒலிம்பிக்குக்கு டிக்கெட் அல்ல. நார்வேக்குத் திரும்புபவர் பழைய வரிசையில்தான் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர்கள் அந்த நான்கு ஆண்டுகளும் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். சிலர் பந்தயத்தை விட்டு வேலைக்குப் போகிறார்கள். சிலர் அங்கேயே பயிற்சியாளர்களாகத் தங்குகிறார்கள்.

வேறொரு வழியில் போனவர் ஜான் ஆல்பர்க். நார்வேயில் பிறந்தவர், யூட்டா பல்கலைக்கழகத்துக்காக ஓடினார், பிறகு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1992-இல் ஆல்பர்ட்வில்லிலும் 1994-இல் லில்லஹாமரிலும் ஒலிம்பிக்கில் ஓடினார், அமெரிக்கச் சீருடையில். லில்லஹாமர் நார்வேயில் இருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் சுவை தெரியும். பந்தய வாழ்க்கை முடிந்ததும் 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கின் நெடுந்தூரப் போட்டிகளை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. பிறகு 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்காக விஸ்லர் அருகே அமைந்த பனிச்சறுக்குத் தலத்தின் பொறுப்பையும் ஏற்றார். 2002-இல் நெடுந்தூரப் போட்டிகள் நடந்த இடம் சோல்ஜர் ஹாலோ. அங்கேதான் 2022-இன் என்.சி.ஏ.ஏ. நெடுந்தூரப் பந்தயங்களும் நடந்தன. அந்த ஆண்டின் அணிப் பட்டம் யூட்டாவுக்கே போனது.